கூட்டினீர்கள், சரி, எதைக் கழித்தீர்கள்?

கல்லூரி நூலகத்துக்குள் புதிதாக ஒரு புத்தகம் வந்தால் அதை எத்தனை இடத்தில் எழுத வேண்டும் என்று நூலகத்தில் வேலை பார்க்காத ஒருவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. முதலில் அக்சஷன் ரிஜிஸ்டர். அந்தத் தடித்த பதிவேட்டில் வரிசை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பில் எண் என்று ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். அடுத்து நூலக மென்பொருளில் அதே விவரங்களை மறுபடி அடிக்க வேண்டும். பில்லில் அக்சஷன் எண்களைக் குறித்துச் சான்று எழுத வேண்டும். அதற்குப் பிறகு துறைவாரியாக ஒரு எக்செல் கோப்பு. துறைத் தலைவர்கள் தங்கள் துறைக்கு என்ன வந்தது என்று கேட்கும்போது, மென்பொருள் தருகிற அறிக்கை அவர்கள் கேட்கிற வடிவத்தில் இருப்பதில்லை. கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்கிற நாக் குழுவுக்கு இன்னொரு பட்டியல், வேறு தலைப்புகளோடு. இவ்வளவும் ஆன பிறகுதான் முதுகில் எண் ஒட்டி, பார்கோடு ஒட்டி, முத்திரை குத்தி, புத்தகம் அலமாரிக்குப் போகும். அதற்குள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்த மாணவன் செமஸ்டரே எழுதி முடித்திருப்பான்.

கணினி வரும்போது வேலை பாதியாகக் குறையும் என்றுதான் சொன்னார்கள். நம்பித்தான் வரவேற்றேன். இன்றும் கணினி வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பார்கோடு வந்த பிறகு இஷ்யூவும் ரிட்டர்னும் எவ்வளவு சுலபமாயின என்பது, அட்டையும் பாக்கெட்டும் வைத்து வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். என் ஆதங்கம் வேறு. புதிதாக ஒன்று வந்தபோதெல்லாம் பழையது ஒன்றுகூட விலகவில்லை. ரிஜிஸ்டர் இருக்கிறது, மென்பொருளும் இருக்கிறது, எக்செல்லும் கூகுள் படிவமும் இருக்கின்றன. வாசலில் மாணவர்கள் அடையாள அட்டையை ஸ்கேன் செய்கிறார்கள். பக்கத்திலேயே நோட்டிலும் கையெழுத்துப் போடுகிறார்கள், ஏனென்றால் கணினிப் பதிவை மட்டும் காட்டினால் ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். இத்தனையையும் பார்க்க வேண்டிய ஆட்கள் மட்டும் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். ஓய்வு பெற்றுப் போனவர் இடம் காலியாகவே கிடக்கிறது. கேட்டால், எல்லாம்தான் கம்ப்யூட்டர் ஆகிவிட்டதே என்கிறார்கள்.

இந்த அவதி நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. 1984-லேயே கிரெய்க் பிராட் என்ற அமெரிக்க உளவியலாளர், கணினியோடு ஒத்துப்போக முடியாமல் மனிதர்கள் படுகிற அழுத்தத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1992-ல் ஜான் கூப்பர்ஸ்மித் என்ற அமெரிக்க நூலகர், ரெஃபரன்ஸ் மேசையில் உட்காருகிற நூலகர்களுக்கு இது என்ன செய்கிறது என்று கட்டுரை எழுதினார். 2008-ல் ராகுநாதன், தரஃப்தார் முதலிய ஆய்வாளர்கள் அந்த அழுத்தத்தின் காரணங்களை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள்: பளு கூடுவது, வீட்டு நேரத்துக்குள் வேலை நுழைவது, புரியாத சிக்கல், நம் இடத்தை வேறொருவர் பிடித்துவிடுவாரோ என்ற பயம், பழகி முடிப்பதற்குள் மாறிக்கொண்டே இருப்பது. ஐந்தும் சரி. எங்கள் நூலகங்களைப் பார்த்திருந்தால் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்: ஒரே வேலையை இரண்டு தடவை, மூன்று தடவை செய்ய வைப்பது. மனிதனை இதைவிடச் சோர்வாக்குவது வேறு எதுவும் இல்லை. கடினமான வேலை செய்து களைத்தால் ராத்திரி தூக்கமாவது வரும். பயனில்லை என்று தெரிந்தே செய்கிற வேலையில் அதுவும் வருவதில்லை.

தமிழ்ப் புத்தகங்களின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே யாரும் பேசாத கதை அது.

1990களிலும் அதற்குப் பின்னும் நூலகங்களில் தமிழ்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றியவர்கள், அன்றைக்குக் கையில் கிடைத்த எழுத்துருவில் ஏற்றினார்கள். பாமினி, வானவில் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று குறியீடுகளை அறிவித்தது. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். 2010-ல் யுனிகோடும் டேஸ் 16-உம் என்று அரசாணை ஆயிற்று. ஒவ்வொரு முடிவும் அந்தந்தக் காலத்துக்கு நல்ல முடிவுதான். ஆனால் பழைய குறியீட்டில் கிடக்கிற பதிவுகளைப் புதிய குறியீட்டுக்கு யார் மாற்றுவது? அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வரிசையாக ஓடும். மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தால் முக்கால்வாசி சரியாக வரும். மீதிக் கால்வாசியை ஒருவர் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். அந்த ஒருவர் எங்கே?

யுனிகோடு வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் எங்கள் தேடல் திரை (ஓபேக்) முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'ஸ்ரீ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோடில் அதை இரண்டு விதமாக அடிக்க முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். வைணவ உரை நூல்கள் பலவற்றின் தலைப்பிலேயே அந்த எழுத்து உண்டு. ஒருவர் ஒரு விதமாக ஏற்றியிருப்பார், மாணவி வேறு விதமாக அடித்துத் தேடுவாள், "இல்லை" என்று பதில் வரும். புத்தகம் அலமாரியில் இருக்கும். அதேபோல் ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும் ஏற்றலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு துண்டாகவும் ஏற்றலாம். துணைக்கால் போட வேண்டிய இடத்தில் அவசரத்தில் 'ர' அடித்துவிட்டுப் போன பதிவுகளும் ஏராளம். திரையில் பார்த்தால் தப்பே தெரியாது.

ஆசிரியர் பெயர் இன்னும் மோசம். மு.வ. என்றும், மு. வரதராசன் என்றும், வரதராசன், மு. என்றும், டாக்டர் மு. வரதராசனார் என்றும் ஒரே மனிதர் எங்கள் பட்டியலில் சிதறிக் கிடக்கிறார். ஒரே ஆசிரியருக்கு ஒரே பெயர் வடிவம் என்று கட்டிவைக்கிற வசதி மென்பொருளில் இல்லாமல் இல்லை. அதை நிரப்ப ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிற நூலகங்களில் தேடல் அடைவை அமைக்கும்போதே ஐசியு என்ற தெரிவை எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தமிழ்த் தேடல் ஒழுங்காக நடக்காது. நிறுவிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் ஆங்கிலத் தலைப்பு ஒன்றைத் தேடிக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மறுநாள் மாணவன் வந்து, "மேடம், ஓபேக்ல இல்லன்னு வருது" என்று நிற்கும்போது நான் எழுந்து அலமாரிக்குப் போய் எடுத்துக் கொடுக்கிறேன். கணினியில் தேடி, இல்லை என்று நம்பி, எங்களிடம் கேட்காமலே திரும்பிப் போகிற பிள்ளைகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். திரை சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள்.

எங்கள் நூலகத்தில் ஓர் அக்கா இருக்கிறார், நூலக உதவியாளர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது. இந்த நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று அவருக்குக் கை சொல்லும். அட்டை கிழிந்து, முதுகெண் உதிர்ந்த புத்தகத்தைக்கூடத் தாளின் நிறத்தைப் பார்த்து இது இன்ன அலமாரி என்று சொல்லிவிடுவார். பேராசிரியர்கள் பாதித் தலைப்பைச் சொன்னால் போதும், மீதியை அவர் சொல்வார். மென்பொருள் வந்தது. பயிற்சி என்று ஒரு நாள் வைத்தார்கள். வந்த தம்பி மளமளவென்று திரையை மாற்றி மாற்றிக் காட்டினார், சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த எண்ணை இன்று யாரும் எடுப்பதில்லை. அன்றிலிருந்து அந்த அக்கா 'கம்ப்யூட்டர் தெரியாதவர்' ஆகிவிட்டார். அவர் முன்னாலேயே அப்படிச் சொல்கிறார்கள். அவர் தவறாக எதையோ அழுத்தி, ஒரு வகுப்பு மாணவர்களின் கணக்கில் அபராதம் ஏறிவிட்டது. அதைச் சரிசெய்ய அரை நாளும் ஆகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் மவுசைத் தொடுவதில்லை. "நான் அடுக்குற வேலையே பாக்குறேன்மா" என்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் அவருக்குள் சேர்ந்த அறிவு, ஒரு நாள் பயிற்சியில் மதிப்பில்லாமல் போய்விட்டது. அவர் ஓய்வு பெறும் நாளில் ஒரு சால்வை போடுவோம். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதிவைக்க ஒருவருக்கும் நேரம் இருக்காது.

அவருக்குத் தெரியாதது அவர் குற்றமா? கோஹாவில் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வெளியாகிறது. இன்ஃப்ளிப்நெட் தரும் சோல் மென்பொருள் மூன்றாவது தலைமுறைக்கு வந்துவிட்டது. என்ஐசியின் இ-கிரந்தாலயா தனிக் கணினியில் ஓடியது போய் மேகக் கணிமைக்கு மாறிவிட்டது. எனக்கே ஒவ்வொரு மாற்றத்திலும் எந்தப் பொத்தான் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள அலுவல் நேரத்தில் ஓர் அரை மணி கிடையாது. கவுண்டரில் வரிசை நிற்கும். கற்றுக்கொள்வதெல்லாம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், அல்லது வீட்டில்.

வீடு என்றதும் வாட்ஸ்அப் ஞாபகத்துக்கு வருகிறது. கல்லூரிக் குழு ஒன்று, நாக் குழு ஒன்று, தேர்வுக் குழு ஒன்று, மாவட்ட நூலகர்கள் குழு ஒன்று. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு செய்தி வரும்: இணைப்பில் உள்ள படிவத்தை நாளைக் காலை பத்து மணிக்குள் நிரப்பி அனுப்பவும். திறந்து பார்த்தால் போன மாதம் வேறொரு படிவத்தில் கேட்ட அதே விவரம்; தலைப்புகளின் வரிசை மட்டும் மாறியிருக்கும். நிரப்ப உட்கார்ந்தால் ஓடிபி கல்லூரி முதல்வரின் கைபேசிக்குப் போகும். அந்த நேரத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவது? கடவுச்சொல் காலாவதியாகியிருக்கும். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து இதோடு மல்லுக்கட்டுகிற பெண் நூலகர்கள் எத்தனையோ பேர். ஞாயிற்றுக்கிழமை கைபேசி அதிர்ந்தாலே நெஞ்சு ஒரு துடிப்பு கூடுகிறது என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். மிகையாகச் சொல்லவில்லை அவள்.

அவள் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஆய்வேடுகளில் பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று மென்பொருளில் சோதித்துச் சான்று கொடுப்பது அவள் பொறுப்பு. 2018-ல் யுஜிசி கொண்டுவந்த விதிப்படி ஒப்புமை பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மென்பொருள் ஒரு எண்ணைத்தான் சொல்லும். அந்த எண்ணுக்குப் பின்னால் மேற்கோள் எது, களவு எது என்று ஆராய வேண்டியது ஆய்வு நெறியாளரின் வேலை. ஆனால் சண்டைக்கு வருகிறவர்கள் நூலகத்துக்குத்தான் வருகிறார்கள். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆய்வேடு அந்த மென்பொருளுக்கு அர்த்தமில்லாத எழுத்துக் குவியல், அதில் ஒப்புமையே காட்டாது. அதைத் திருப்பி அனுப்பினால் இவள்தான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று பேச்சு. சோதனைக்கென்று தனியாக ஒருவரை நியமித்தார்களா என்றால், இல்லை. இருக்கிற வேலையோடு அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்றார்கள்.

எதைச் செய்தால் 'வேலை செய்தாய்' என்று கணக்கில் வரும் என்பதும் மாறிவிட்டது. நாக் படிவத்தில் நூலகத்தைத் தானியங்கி ஆக்கினீர்களா, மின்வளங்களுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை பேர் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் வாசலில் ஸ்கேன் செய்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கைபேசி பார்த்துவிட்டுப் போகிறவனும் ஒரு எண். எதைப் படிப்பது என்று தெரியாமல் வந்து, பேசிப் பேசிக் கடைசியில் மூன்று புத்தகங்களோடு முகம் மலர்ந்து போகிறவளும் ஒரு எண். அவளோடு உட்கார்ந்த முக்கால் மணி நேரத்தை எந்தப் பெட்டியில் நிரப்புவது? அந்த நேரத்தில் நான் ஐம்பது புத்தகங்களுக்குப் பார்கோடு ஒட்டியிருந்தால் அறிக்கையில் வந்திருக்கும்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஆகஸ்ட் 12, அவர் பிறந்தநாளை நாடெங்கும் நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம், அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் சொன்ன அந்த நேரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் நூலகர் வாசகர் பக்கம் திரும்பி உட்கார வேண்டும். என் நாற்காலி இப்போது நாளெல்லாம் திரைப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. மாணவர்கள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "மேடம் பிஸியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதற்கு நடுவே, ஆய்விதழ்களுக்கான ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். சிற்றூரில் உள்ள அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கும் அவை கிடைக்கும் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆய்விதழ் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, எப்படி உள்ளே போவது, எப்படித் தேடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். பதிவு செய்ய, கடவுச்சொல் மறந்தவருக்கு மாற்றிக் கொடுக்க, பயன்பாட்டுக் கணக்கு அனுப்ப, எல்லாவற்றுக்கும் அதே நூலகர்தான்.

இத்தனையும் ஒழுங்காக ஓடுகிற நாளின் கதை. சர்வர் நின்றுபோன நாளில் எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்து, வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தை இணையத் தாக்குதல்காரர்கள் முடக்கினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் சொந்த விவரங்களும் களவு போயின. அதே மாதம் டொரோண்டோ பொது நூலகமும் முடங்கியது. வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களைக் கணக்கில் சேர்க்க வழியில்லாமல், சுமார் பத்து லட்சம் நூல்களை லாரிப் பெட்டிகளில் அடைத்துவைக்க வேண்டிவந்தது. கணினி திரும்பி வந்தபோது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியவர்கள் நூலக ஊழியர்கள்தான். புத்தகம் தொலைவதற்குக்கூட விதியில் இடம் உண்டு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில், வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைந்தால் அதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லாத வரை. எவ்வளவு மனிதத்தன்மையுள்ள விதி! புத்தகம் மனிதர் கையில் புழங்குகிற பொருள், கொஞ்சம் தொலையத்தான் செய்யும் என்று தெரிந்த யாரோ எழுதியது. சர்வர் நின்ற நேரத்துக்கு அப்படி ஒரு கழிவு எங்கள் வேலைக் கணக்கில் கிடையாது. அன்றைக்கு இஷ்யூ ஏன் குறைந்தது என்று கேட்டு விளக்கம் வாங்குகிறார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. புதிய மென்பொருளுக்கு உத்தரவு போடுகிறவர்கள், அதே உத்தரவில் எந்த ரிஜிஸ்டரை எந்தத் தேதியோடு நிறுத்தலாம் என்றும் எழுத வேண்டும். அக்சஷன் பதிவை மென்பொருளிலிருந்து அச்செடுத்து, பைண்டு செய்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டால் தணிக்கையில் செல்லும் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. தணிக்கையில் நிற்கப்போவது நாங்கள். ஒரு தடவை கொடுத்த விவரத்தை மறுபடி கேட்கும் முன்னால் பழைய கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பயிற்சி என்றால் ஒரு நாள் மேடைக் காட்சி போதாது. நூலகத்தை அரை நாள் மூடிவைத்தாவது, அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையால் அவரே செய்யும் வரை கற்றுக்கொடுக்க வேண்டும்.

தமிழ்ப் பதிவுகளுக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். நூலகவியல் முதுகலை முடித்த பிள்ளைகள் வருடா வருடம் எங்களிடம் செய்முறைப் பயிற்சிக்கு வருகிறார்கள். முடித்துப் போகும்போது, "மேடம், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் இரண்டு பேரை ஓராண்டுக்கு, நியாயமான சம்பளத்தில் கொடுத்தால், எங்கள் நூலகத்தின் தமிழ்ப் பதிவுகள் அத்தனையையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி முடித்துவிடலாம். மு.வ. ஒரே இடத்தில் கிடைப்பார். இதைக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தது. மென்பொருள் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளதால் கூடுதல் ஆள் தேவையில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பை நகலெடுத்து இணைத்து, மறுபடியும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.